தீவைக் கண்டமாக்கிய கையெழுத்து

1494-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி. கியூபாவின் தென்கரையோரம் மூன்று கப்பல்கள் நிற்கின்றன. அடியில் தண்ணீர் கசிகிறது. சாப்பாடு தீர்ந்துகொண்டு வருகிறது. ஊர் திரும்பினால் போதும் என்று மாலுமிகள் நொந்து கிடக்கிறார்கள். கொலம்பஸுக்கு மட்டும் வேறு கவலை. தான் வந்து சேர்ந்தது ஆசியாவுக்குத்தான் என்று ஸ்பெயின் ராஜா ராணியிடம் சத்தியம் பண்ணியாகிவிட்டது. ஆசியா என்றால் பெருநிலம் வேண்டும். எதிரே தெரியும் கரை பெருநிலமா, வெறும் தீவா? இன்னும் கொஞ்ச தூரம் மேற்கே போயிருந்தால் கரை திரும்பியிருக்கும், விஷயம் வெட்டவெளிச்சமாகியிருக்கும். அவர் போகவில்லை. நோட்டரியைக் கூப்பிட்டார்.

நோட்டரியின் பெயர் ஃபெர்னான் பெரெஸ் தெ லூனா. மனிதர் மசிக்கூட்டையும் தாளையும் தூக்கிக்கொண்டு, சாட்சிகள் பின்தொடர, கப்பல் கப்பலாக ஏறி இறங்கினார். கேப்டன் தொடங்கி எடுபிடிப் பையன் வரை ஒவ்வொருவரிடமும் கேட்டார்: “இது தீவு இல்லை, பெருநிலம். சந்தேகம் உண்டா?” ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எல்லோரும் சத்தியம் செய்தார்கள். பிறகு தண்டனை வாசிக்கப்பட்டது. இனிமேல் எவனாவது இதை மாற்றிப் பேசினால் 10,000 மரவேதிக் காசு அபராதம், நாக்கும் அறுக்கப்படும். பையன்களிடம் அபராதம் கட்டக் காசு இருக்காது அல்லவா? அதனால் அவர்களுக்கு 100 கசையடி, நாக்கு அறுப்பு. கீழே கையெழுத்து, தேதி. கியூபா அன்று முதல் சட்டப்படி ஆசியக் கண்டத்தின் ஒரு பகுதி.

கடலுக்கு இந்தப் பத்திரம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. 1508-ல் செபாஸ்தியான் தெ ஒகாம்போ என்பவர் கப்பலில் கியூபாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். அவர் நாக்கை யாரும் அறுத்ததாகத் தகவல் இல்லை.

நடந்ததை எழுதுகிறவன் குமாஸ்தா. எழுதியதையே நடந்ததாக்கிக் காட்டுகிறவர்தான் ஐரோப்பாவின் நோட்டரி. நம்மூர் நோட்டரியை வைத்து அவரை எடை போட்டுவிடக் கூடாது. நம்மூரில் நோட்டரி என்றால் கோர்ட் வாசலில் ஒரு மேஜை, கறுப்புக் கோட்டு, ரவுண்ட் சீல். அஃபிடவிட்டை நீட்டினால் நம் முகத்தைக்கூடப் பார்க்காமல் குத்திக் கொடுப்பார். பத்திரம் எழுதுவதற்கு எழுத்தர் தனி, பதிவதற்கு சார்பதிவாளர் தனி, அடித்துக்கொள்ள வக்கீல் தனி. இது இங்கிலீஷ்காரன் வழியில் வந்த ஏற்பாடு.

இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற ரோமானியச் சட்ட வழி நாடுகளில் இத்தனை பேரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்து அதற்கு நோட்டரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீடு விற்றாலும், கல்யாணத்துக்கு முன் சொத்தைப் பிரித்து வைத்தாலும் அவரிடம்தான் போக வேண்டும். பத்திரத்தை அவரே எழுதுவார், இரு தரப்புக்கும் வாசித்துக் காட்டுவார், கையெழுத்து வாங்குவார். அசலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நகலைத்தான் நமக்குத் தருவார். அதில் எழுதியிருப்பதை நீதிமன்றம் நம்பியே ஆக வேண்டும். பொய் என்று சொல்ல வேண்டுமானால் “போலிப் பத்திரம்” என்று அதற்கென்றே தனி வழக்குப் போட்டு ஜெயிக்க வேண்டும். கடன் பத்திரத்தை அவர் எழுதியிருந்தால் பல நேரம் வழக்கே வேண்டாம். தீர்ப்பைப் போல அதை நேரடியாக அமலாக்கலாம். பணம் வாங்குவது ஒருவரிடம், விசுவாசம் இரு தரப்புக்கும் என்று சட்டம் சொல்கிறது. ஐரோப்பியர்கள் இதைச் சிரிக்காமல் சொல்வார்கள்.

இவ்வளவு பெரிய மனிதரின் பூர்வீகம் அடிமைக் கொட்டடி. ரோமில் சிசரோவுக்கு டிரோ என்று ஒரு அடிமை இருந்தான். எஜமானர் மூச்சுவிடாமல் பேசுவார். அதைப் பிடித்து எழுத டிரோ ஒரு சுருக்கெழுத்தைக் கண்டுபிடித்தான் என்பார்கள். அப்படிக் குறிப்பெடுத்த ஆட்களிடமிருந்துதான் தொழிலுக்குப் பெயர் வந்தது. தொழில் வந்த இடம் வேறு. ரோமானிய ஊர்களின் சந்தைச் சதுக்கத்தில் உட்கார்ந்து காசுக்குப் பத்திரம் எழுதித் தந்த ‘தபேல்லியோ’ என்னும் ஆசாமிகள்தான் உண்மையான முப்பாட்டன்கள்.

அந்த முப்பாட்டன்களின் லட்சணம் 537-ல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி போட்ட ஒரு சட்டத்தில் தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் பெயரில் ஒரு பத்திரம் கோர்ட்டுக்கு வந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாள் அவள். பத்திரம் எழுதியவரைக் கூப்பிட்டார்கள். அவர் என்ன சொன்னார்? எழுத்து என்னுடையது இல்லை, வேலையை என் ஆள் ஒருவனிடம் விட்டேன், முடிக்கும்போது நான் அங்கே இல்லை. விசாரிக்க விசாரிக்க, பத்திரத்தில் பெயர் இருந்தவரைத் தவிர மற்றவர்கள்தான் பத்திரத்தோடு சம்பந்தப்பட்டிருந்தார்கள். சக்கரவர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. இனிமேல் பத்திரம் எழுதுகிறவர் ஆரம்பத்திலும் முடிவிலும் நேரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சுமார் 1,500 வருஷம் ஆகிறது. “சார் வெளிய போயிருக்காரு, சீல் எங்கிட்டதான் இருக்கு, குடுங்க” என்ற குரல் உலகத்தில் இன்னும் ஓயவில்லை.

ரோம் விழுந்தது. சில நூறு வருஷம் யாருக்கும் எதையும் எழுதிவைக்கப் பெரிய அவசரம் இல்லை. பிறகு வடக்கு இத்தாலியில் வியாபாரம் சூடுபிடித்தது. வியாபாரம் வந்தால் கடன் வரும், கடன் வந்தால் “நான் எப்ப வாங்கினேன்?” வரும். நோட்டரிகள் கூட்டம் கூட்டமாக முளைத்தார்கள். ஜெனோவாவில் ஜொவான்னி என்ற நோட்டரி 1154-லிருந்து பத்து வருஷம் எழுதிய பதிவேடு இன்றைக்கும் இருக்கிறது. அந்த வகையில் நமக்குக் கிடைத்த பதிவேடுகளில் அதுதான் மூத்தது. அதுவும் காகிதத்தில் எழுதியது. ஆனால் 1231-ல் இரண்டாம் ஃபிரெடெரிக் சக்கரவர்த்தி, பத்திரங்களைக் காகிதத்தில் எழுதக் கூடாது, தோலில்தான் எழுத வேண்டும், காகிதம் நாளைக்குக் கிழிந்துவிடும் என்று தன் தென்னித்தாலிய ராஜ்யத்தில் தடை போட்டார். சக்கரவர்த்தியின் வம்சம் அந்த நூற்றாண்டோடு கிழிந்தது. ஜெனோவாக் காகிதம் ஆவணக் காப்பகத்தில் சௌக்கியமாக இருக்கிறது.

இந்தத் தொழிலின் தலைநகரம் போலோன்யா. அங்கே நோட்டரிகளின் சங்கத்தைக் கண்டால் பிரபுக்களுக்கே கொஞ்சம் நடுக்கம். நகரத்தின் பிரதான சதுக்கத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு மாளிகை, இன்றும் நிற்கிறது. சங்கத்தின் சூரர் ரொலாந்தினோ தெ பஸ்ஸஜ்ஜேரி. 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் எழுதிய பத்திரக்கலை நூலைத்தான் பல நூற்றாண்டுகள் ஐரோப்பா முழுவதும் நோட்டரிகள் பார்த்து எழுதினார்கள். விற்பனைக்கு இப்படி, உயிலுக்கு இப்படி, சமாதானத்துக்கு இப்படி; பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டால் போதும். செத்தபிறகு அவருக்குக் கட்டிய கல்லறையைப் பார்த்தால், தூண்களின் மேல் கூம்பு வைத்து, ஏதோ ராஜா படுத்திருக்கிறார் என்று நினைப்பீர்கள்.

நிஜ ராஜா அதே ஊரில் ஜெயிலில் கிடந்தார். மேலே சொன்ன ஃபிரெடெரிக்கின் மகன் என்சோவை 1249-ல் ஒரு சண்டையில் பிடித்த போலோன்யாக்காரர்கள், அவர் 1272-ல் சாகும் வரை வெளியே விடவே இல்லை. சக்கரவர்த்தி மிரட்டிக் கடிதம் போட்டார். ‘முடியாது’ என்று நகரத்தின் சார்பில் பதில் வரைந்தவர் நம் ரொலாந்தினோதான் என்பது ஊர்ப் பேச்சு. பத்திரம் எழுதுகிறவனிடம் மிரட்டல் கடிதம் எழுதினால் இதுதான் கதி.

1256-ல் அதே நகரம் ஒரு புண்ணிய காரியம் செய்தது. சுற்றுவட்டாரத்தில் பிரபுக்களின் நிலத்தில் கட்டுண்டு கிடந்த சுமார் 5,800 பண்ணையடிமைகளை எஜமானர்களிடமிருந்து விலைக்கு வாங்கி விடுவித்தது. 14 வயதுக்கு மேல் என்றால் தலைக்கு 10 லிரா, கீழே என்றால் 8. நோட்டரிகள் அத்தனை பேர் பெயரையும் பதிந்து, அந்தப் பதிவேட்டுக்கு ‘சொர்க்கத்தின் புத்தகம்’ என்று பெயரிட்டார்கள். கடவுள் மனிதனைச் சுதந்திரமாகத்தான் சொர்க்கத்தில் வைத்தார் என்று உருக்கமாக ஆரம்பிக்கும். உருக்கத்தில் குறை சொல்ல முடியாது. அடிமை நகரத்துக்கு வரி கட்ட மாட்டான், சுதந்திர மனிதன் கட்டுவான் என்பது முகவுரையில் இல்லை. நல்ல பத்திரத்தில் எதை எழுதாமல் விடுவது என்பதும் ஒரு கலை.

எனக்குப் பிடித்த கதை இதற்குப் பிறகுதான். 1265-ல் போலோன்யாவை நிர்வகித்த லொதெரிங்கோ, கதலானோ என்ற இரண்டு சாமியார்கள் ஒரு புதிய அலுவலகம் திறந்தார்கள். 20 லிராவுக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தமானாலும் அங்கே கொண்டுவந்து நகல் ஏற்ற வேண்டும். வீட்டில் இருக்கும் பத்திரத்தை ராத்திரியில் திருத்தினாலும் பகலில் நகல் காட்டிக் கொடுத்துவிடும். நல்ல யோசனை. ஒரு சிக்கல் மட்டும்: பதிவேட்டில் ஒரு பத்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கொஞ்சம் வெற்றிடம் விழும். கைகாரன் ஒருவன் அங்கே ஒரு வரியைச் சொருகினால் கதை கந்தல். அதனால் வெற்றிடத்தை அடைக்க வேண்டும். சும்மா கோடு கிழித்திருக்கலாம். போலோன்யா நோட்டரிகள் காதல் கவிதை எழுதினார்கள்.

கற்பனை இல்லை. இன்னார் இன்னாருக்கு இவ்வளவு கடன் என்ற வறட்டு லத்தீனுக்கு நடுவில், பிரிவாற்றாமையில் புலம்பும் நாட்டு மொழிப் பாட்டு. பகலெல்லாம் அடுத்தவன் கடனை எழுதிக் கை ஓய்ந்தவன் என்ன செய்வான்? 1287-ல் என்ரிகெத்தோ என்ற நோட்டரி அப்படி ஒரு இடைவெளியில் ஒரு கவிதையை எழுதி அடைத்தார். போலோன்யாவின் சாய்ந்த கோபுரமான கரிசெந்தாவை வாய்பிளந்து பார்த்ததில், பார்க்க வேண்டியவளைப் பார்க்கத் தவறிய தன் கண்களைத் திட்டும் பாட்டு. யார் எழுதியது என்று போடவில்லை. பத்திரத்துக்குப் பத்து சாட்சி கேட்கிறவருக்குக் கவிதைக்கு ஒரு பெயர் கேட்கத் தோன்றவில்லை. எழுதியது 22 வயது தாந்தே. அவருடைய கவிதை ஒன்றுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதி அந்த அலுவலகப் பதிவேடுதான். அலுவலகத்தைத் திறந்த இரண்டு சாமியார்களுக்கும் தாந்தே பிற்பாடு நன்றிக்கடன் செலுத்தினார்: தன் காவியத்தின் நரகத்தில், வெளியே பொன்முலாம் பூசிய ஈயப் போர்வையை மாட்டிவிட்டு, வேஷதாரிகள் வரிசையில் நடக்கவிட்டார். அவர்கள் அடுத்த வருஷமே ஃப்ளாரன்ஸுக்குப் போய் ஆண்ட லட்சணத்துக்கு அது தண்டனை. பதிவேட்டு விஷயம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கவிதைக்கும் இந்தத் தொழிலுக்கும் என்ன ராசியோ. பதினான்கு வரி சானெட்டைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படும் ஜாகொமோ தா லென்தீனி, ஃபிரெடெரிக்கின் அரண்மனை நோட்டரி. பெத்ராக்கின் அப்பா நோட்டரி. தாந்தே குருவாக மதித்த புருனெத்தோ லதீனி நோட்டரி. ஷேக்ஸ்பியர் முதல் கல்லூரி ஆண்டு மலர் வரை உலகத்தைப் படுத்திய சானெட் ஒரு பத்திர ஆபீஸில் பிறந்தது என்றால் ஆச்சரியமில்லை. இத்தனை வரி, இந்த இடத்தில் எதுகை, கடைசியில் முடிப்பு: அது பத்திர வடிவம்தானே.

ஜனங்கள் இவர்களை என்ன நினைத்தார்கள் என்பதற்கு பொக்காச்சியோ சாட்சி. ‘தெக்கமெரோன்’ நூலின் முதல் கதாநாயகனே ஒரு நோட்டரி. தான் எழுதிய பத்திரங்களில் ஏதாவது ஒன்று நிஜமானது என்று தெரிந்துவிட்டால் அவருக்கு மானம் போய்விடுமாம். சாகும்போதுகூடப் பாவமன்னிப்புக் கொடுக்க வந்த சாமியாரிடம் ஒரு முழுநீளப் பொய் வாக்குமூலம் கொடுத்து, செத்தபின் ஊரால் புனிதராகக் கும்பிடப்படுகிறார். கடைசிப் பத்திரத்திலும் சறுக்கவில்லை.

லியோனார்தோ தா வின்சி விவகாரம் இன்னும் வேடிக்கை. அப்பா செர் பியெரோ ஃப்ளாரன்ஸில் கொடிகட்டிப் பறந்த நோட்டரி. பையன் முறைதவறிப் பிறந்தவன். தாத்தா அந்தோனியோ, குடும்பத்தின் பழைய நோட்டரிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பேரன் பிறந்ததைக் குறித்துவைத்தார்: 1452 ஏப்ரல் 15, சனிக்கிழமை, இரவு மூன்றாம் மணி. ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. பெற்றவள் பெயரைக் காணோம். முறைதவறிப் பிறந்தவர்களை நோட்டரி சங்கம் சேர்க்காது என்பதால் பையனைப் படம் வரையும் பட்டறைக்கு அனுப்பினார்கள்.

சங்கத்தைத் திட்டுவதற்கு முன் லியோனார்தோ எழுதிய ஒரு குறிப்பைப் பார்த்துவிடலாம். 1504 ஜூலை 9-ல் அப்பா இறந்தார். மகன் தன் நோட்டில் எழுதினார்: புதன்கிழமை 7 மணிக்கு என் தந்தை இறந்தார், 7 மணிக்கு, வயது 80. மணி இரண்டு தடவை வந்துவிட்டது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அப்பாவுக்கு 80 ஆகவும் இல்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று பிசகு! மனோதத்துவக்காரர்கள் இதில் துக்கத்தைப் பார்த்தார்கள். ஃப்ளாரன்ஸ் நோட்டரி சங்கம் பார்த்திருந்தால், பையனை வெளியே நிறுத்தியது எவ்வளவு சரி என்று சொல்லி ஒயின் ஊற்றிக் கொண்டாடியிருக்கும்.

இந்தத் தொழிலை ஸ்பானியர்கள் கடல் தாண்டி எடுத்துப்போனபோதுதான் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. 1492 அக்டோபர் 12-ல் கொலம்பஸ் முதன்முதலாகக் கரையிறங்கியபோதே கூட ஒரு நோட்டரி இருந்தார், ரொட்ரிகோ தெ எஸ்கொபேதோ. ராஜா ராணி பெயரில் இந்த நிலத்தை எடுத்துக்கொண்டேன், எழுதிக்கொள் என்றார் கொலம்பஸ். தீவின் சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எந்த மொழியில்? எஸ்கொபேதோவை ஹிஸ்பானியோலாத் தீவில் சிறு கோட்டை கட்டி 39 பேரோடு விட்டுப்போனார்கள். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது ஒருவரும் உயிரோடில்லை.

1513-ல் ஸ்பெயினின் சட்ட மூளைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. பலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட நிபுணர் ஓர் அறிவிப்பு எழுதினார். கடவுள் உலகைப் படைத்தார்; போப் இந்த நிலங்களை ஸ்பெயின் அரசருக்குக் கொடுத்துவிட்டார்; ஒப்புக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் சண்டை, பெண்டு பிள்ளைகள் அடிமை; அதில் விழும் சாவுக்கெல்லாம் நீங்களே பொறுப்பு. தாக்குவதற்கு முன் இதை வாசிக்க வேண்டும். வாசித்ததற்கு நோட்டரி சான்று தர வேண்டும். வாசித்தார்கள். ஸ்பானிய மொழியில். ஜனங்கள் ஓடிப்போன வெறும் குடிசைகளைப் பார்த்து வாசித்தார்கள், கப்பலில் நின்றபடி கரையைப் பார்த்து வாசித்தார்கள். நோட்டரி ‘வாசிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை, வாசிக்கத்தானே செய்தார்கள். இதைக் கேள்விப்பட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை என்றார் லாஸ் காஸாஸ் பாதிரியார். அந்த அறிவிப்பை எழுதியவரே பிறகு இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரித்தாராம்.

ஸ்பானியர்களைப் போலவே டச்சுக்காரர்களும் 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது ரோமானிய வழிச் சட்டத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னால் வந்த பிரிட்டிஷ்காரர்கள் 1840-ல், நொத்தாரிசும் (நோட்டரிக்கு அங்கே அந்தப் பெயர்) இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி விற்பனை செல்லாது என்று சட்டமே போட்டார்கள். அங்கே காணி வாங்கப் போகிறவர் கேட்கும் கேள்வி இன்னும் “உறுதி ஆர் முடிச்சது?” (பத்திரத்தை எழுதிய நொத்தாரிசு யார்) என்பதுதான். நொத்தாரிசு ஒரு பிரதியைத் தானே வைத்துக்கொள்வார், ஒன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். போலோன்யா சாமியார்கள் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பிரான்ஸில் நோட்டரி வேலை என்பது ராஜா காசுக்கு விற்ற பதவி. வால்டேரின் அப்பா அப்படிப் பதவி வகித்தவர். மகன் எழுத்தாளனாகப் போகிறேன் என்றதும் என்ன பாடுபட்டிருப்பார் பாவம். 1791-ல் புரட்சிக்காரர்கள் பதவி வியாபாரத்தை ஒழித்தார்கள். நெப்போலியன் 1803 மார்ச் 16-ல் ஒரு சட்டம் போட்டு நோட்டரிகளை ஆயுள் முழுக்க நாற்காலியில் உட்காரவைத்தார். 1816-ல் போரில் கஜானா காலியானதும், அரசாங்கம் நோட்டரிகளிடம் கூடுதல் பிணைப்பணம் வாங்கிக்கொண்டு, வாரிசை நீங்களே காட்டலாம் என்று சொல்லிவிட்டது. வாசல் வழியே துரத்திய வியாபாரம் கொல்லைப்புறம் வழியே வந்து உட்கார்ந்துகொண்டது. நெப்போலியனுக்கே நோட்டரியோடு ஒரு பழைய கணக்கு உண்டு என்பார்கள். 1796-ல் அவரைக் கட்டிக்கொள்ள இருந்த ஜோசஃபின் கல்யாண ஒப்பந்தம் எழுதப் போனபோது, அவளுடைய நோட்டரி ரகிதோ, “ஒரு அங்கியும் ஒரு வாளும் தவிர ஒன்றுமில்லாதவனையா கட்டிக்கொள்கிறாய்?” என்று கேட்டாராம். எட்டு வருஷம் கழித்து முடிசூடிய அன்று நெப்போலியன் அந்த ரகிதோவைத் தேடிக் கூப்பிட்டு அங்கியையும் வாளையும் காட்டினார் என்பது கதை. நிஜமோ பொய்யோ, சொத்து மதிப்பீட்டில் நோட்டரி சொன்னது அன்றைய தேதிக்குச் சரி.

மதிப்பீட்டில் தவறிய நோட்டரி வேறு ஒருவர். 1965-ல் ஆர்ல் நகரில் ழான் கல்மான் என்ற 90 வயது விதவையின் வீட்டை ஒரு நோட்டரி தனக்கே வாங்கினார். பிரான்ஸில் அதற்கு ஒரு முறை உண்டு: மொத்தமாக விலை கொடுக்காமல், விற்றவர் சாகும் வரை மாதாமாதம் பணம் தர வேண்டும், செத்தபின் வீடு வாங்கியவருக்கு. மாதம் 2,500 பிராங்க் என்று பேசினார்கள். வாங்குகிறவருக்கு வயது 47. ஆயுள் கணக்கு, வட்டிக் கணக்கு எல்லாம் தொழில்முறையில் தெரிந்த மனிதர். பத்திரத்தில் ஓட்டை இருந்திருக்க வாய்ப்பே இல்லை. முப்பது வருஷம் கட்டினார். வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டிவிட்டு, 1995-ல், 77 வயதில், அந்த வீட்டில் ஒரு நாளும் குடியேறாமல் கண்ணை மூடினார். அப்போது கிழவிக்கு 120. பத்திரம் பத்திரம்தான், நோட்டரியின் மனைவி தொடர்ந்து கட்டினார். 1997 ஆகஸ்ட் 4-ல், 122 வயதில், கல்மான் அம்மையார் மனமிரங்கிச் செத்துப்போனார்.